மூன்று வீசை மூட்டையும் ஒன்பதாவது ஆளும்

எங்கள் வேட்டைக் கூட்டத்தில் துப்பாக்கி கிடையாது. இந்த நாளில் ரங்கூனில் ஒருவன் துப்பாக்கியோடு வீட்டை விட்டுக் கிளம்பினால் அவன் போய்ச் சேரும் இடம் காடு அல்ல. எங்களிடம் இருப்பவை ஐந்து உண்டிவில்கள். அவற்றில் இரண்டுக்கு ரப்பர் இற்றுப்போய்விட்டது. உண்மையில் வேட்டையாடுவது வடக்கே மலையடிக் கிராமத்தில் இருக்கும் கரீன் இனத்துக்காரர் ஒருவரும் அவருடைய மூன்று நாய்களும்தான். நாங்கள் அவர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நடப்போம், அவர் கையைக் காட்டுகிற இடத்தில் படுப்போம், அவர் கொண்டுவருவதைச் சமைத்துத் தின்போம். வருடத்தில் நான்கு நாள், குளிர் தொடங்கும் சமயத்தில்.

அவர் கொண்டுவருவது பெரும்பாலும் காட்டுக்கோழி. ஒரு வருடம் பன்றி கிடைத்தது. எங்கள் ஏழு பேரில் மூன்று பேர் முஸ்லிம்கள். இரண்டு பேருக்கு அன்று சனிக்கிழமை, சைவம். மிச்சம் இருந்த இரண்டு பேர், எல்லாருக்குமான சட்டியில் சமைக்க முடியாது, ஊருக்காவது கொண்டுபோகலாம் என்றால், வேன்காரர் வண்டியில் பன்றிக்கறி ஏற்றமாட்டேன் என்றார். போகிற வழியில் இருக்கிற நாட் தேவதைகளுக்கு அது ஆகாதாம். அவ்வளவு பெரிய பன்றியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டு, சாதமும் ஊறுகாயும் தின்றுவிட்டு வந்தோம்.

இப்படிப்பட்ட வேட்டையில் முக்கியமான கருவி எது என்று யோசித்தால், படுக்கைதான். நாங்கள் அங்கே செய்கிற ஒரே உருப்படியான காரியம் படுப்பது. அதனால் கூடாரம், விரிப்பு, போர்வை பற்றி எங்களுக்குள் நடக்கிற சண்டை, துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குள் துப்பாக்கி பற்றிக்கூட நடக்காது.

போன ஜூன் மாதம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. சின்ன ஆபரேஷன் என்றுதான் சொன்னார்கள். மறுநாள் ரத்தம் கசிந்து, இரண்டாம் தடவையும் உள்ளே கொண்டுபோனார்கள். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். என் மனைவி வராந்தாவில் நான்கு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. டாக்டர் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்ததும், நேரே சந்தைக்குப் போய் ஒரு கொக்கித் தராசு வாங்கி வந்தாள்.

வீட்டுக்கு வருவதற்குள் ஐந்து கிலோவை அவள் மூன்று வீசை ஆக்கிவிட்டாள். கணக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மூன்று வீசை என்பது ஐந்து கிலோவுக்கு நூறு கிராம் குறைச்சல். அந்த நூறு கிராமை அவள் எனக்குக் கொடுக்கவே இல்லை. அரிசிப் பை, தண்ணீர் வாளி, ஒரு தடவை பக்கத்து வீட்டுக் குழந்தை, எல்லாம் அந்தக் கொக்கியில் தொங்கிய பிறகுதான் என் கைக்கு வந்தன. குழந்தை கைக்கு வரவில்லை.

ஆபரேஷன் ஆனவனை ஊர் நடத்துகிற விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. டீக்கடையில் நான் நுழைந்தால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். பேச்சு ரசமாகப் போய்க்கொண்டிருந்தால், நான் சிரித்துத் தையல் விட்டுவிடும் என்று பேச்சை மாற்றினார்கள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. யாரும் எந்தப் படைக்கும் கூப்பிடாத வயது, யாரும் எந்த வேலைக்கும் கூப்பிடாத வயது. அந்த வேன் ஒன்றுதான் வருடத்துக்கு ஒரு தடவை எனக்காக வாசலில் வந்து நிற்கும். அது வரும்போது நானும் ஏறவேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு அந்த வருடம் இல்லை.

அதை மனைவியிடம் சொன்னேன். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"மூட்டை மூணு வீசைக்குள்ள இருந்தா போங்க" என்றாள். "கூடாரம், படுக்கை, துணி, தண்ணி எல்லாம் சேத்து."

இது அனுமதி அல்ல என்று எனக்குத் தெரியும். முந்தின வருடம் என் மூட்டை பதினொரு வீசை. வெறும் கூடாரமே மூன்றரை வீசை.

நேரே சுற்று ரயில் ஏறி இன்சீனுக்குப் போனேன். எங்கள் கூட்டத்தின் தலைவர் அங்கே இருக்கிறார். ரயில் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரை ஃபிட்டர் என்றேதான் கூப்பிடுவோம். வாழ்நாள் முழுக்க இரும்பு தூக்கியதாலோ என்னவோ, ஓய்வு பெற்ற பிறகு எடை என்றாலே அவருக்கு ஆகவில்லை. மின்சாரம் வரும் நேரமெல்லாம் வெள்ளைக்கார வேட்டைக்காரர்களின் வீடியோக்களை இறக்கி வைத்துக்கொண்டு, மின்சாரம் போன நேரமெல்லாம் பார்ப்பார். அவர்கள் பனிமலையில் மான் தேடிப் போகிறவர்கள். முதுகுச் சுமையைக் குறைக்க டூத் பிரஷ்ஷைப் பாதியாக வெட்டுகிறவர்கள். ஃபிட்டர் தன் பிரஷ்ஷை எப்போதோ வெட்டிவிட்டார். வீட்டிலும் அந்தப் பாதியிலேயே பல் தேய்ப்பதாகக் கேள்வி.

"மூணு வீசையா" என்றார். கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. "தங்கச்சி சரியாத்தான் சொல்லுது. நாம எல்லாருமே மூணு வீசையில போகவேண்டியவங்க. உனக்கு வயித்தக் கிழிச்சதால இப்ப அது புரிஞ்சிருக்கு."

ஒன்றை மட்டும் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் வரமாட்டேன் என்று நினைத்து, என் இடத்தை எங்கள் கூட்டத்து மருந்துக்கடைக்காரரின் மச்சினனுக்குக் கொடுத்துவிட்டாராம். பரவாயில்லை, வேனில் இடம் இருக்கிறது, ஒரு ஆள் கூட என்றார். நானும் பரவாயில்லை என்றேன். நாங்கள் இரண்டு பேரும் அப்போதே விரலை மடக்கி எண்ணியிருக்க வேண்டும். ஆனால் எங்களுக்கு அன்று கிராம் கணக்கைத் தவிர வேறு கணக்கு ஓடவில்லை.

லத்தா வட்டாரத்தில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை ஒன்றுக்குப் போனோம். சீனக் கடைக்காரர், நல்ல மனிதர். இப்போது கூடாரமும் வைத்திருந்தார். பச்சையிலும், இலை போட்ட புள்ளிப் பச்சையிலும் அருமையான கூடாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு வீசைக்குள். ஃபிட்டர் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். பச்சைக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு இந்த நாட்டுச் சாலையில் போனால், வழியில் ராணுவம் நிறுத்திச் சோதிக்கிற முதல் இடத்திலேயே வேட்டை முடிந்துவிடும். அங்கே எங்களை வேட்டையாடுவது மிருகமாகவும் இருக்காது.

"அக்கோ, வேற நிறம் இருக்கா" என்று ஃபிட்டர் பர்மிய வழக்கப்படி அண்ணன் முறை வைத்துக் கேட்டார். "தூரத்துல பார்த்தாலே இவங்க ஒண்ணுக்கும் ஆகாதவங்கன்னு தெரியணும்."

கடைக்காரர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், கடற்கரைக்குப் போகும் குடும்பங்களுக்காக வைத்திருந்த ரோஸ் கலர் கூடாரம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு ஆள் படுக்கலாம். மேலே வாத்து படம். எடை முக்கால் வீசை. காட்டில் இருக்கிற பன்றி, மான், கோழி எல்லாம் ஒரு மைல் தள்ளி இதைப் பார்த்து ஓடிவிடும். எங்களுக்கு அது பரவாயில்லை. வாங்கினோம்.

அதற்கு முன் வலை வைத்த தொங்கு படுக்கை ஒன்றையும் யோசித்தோம். அரை வீசைகூட இல்லை. கடையிலேயே இரண்டு தூணுக்கு நடுவில் கட்டி என்னைப் படுக்கவைத்தார்கள். படுத்தேன். எழுந்திருக்க முடியவில்லை. எழுந்திருக்க வயிற்றை மடக்கவேண்டும், வயிற்றை மடக்கக் கூடாது. கடைசியில் கடைக்காரர் ஒரு பக்க முடிச்சை மெதுவாக அவிழ்க்க, ஃபிட்டர் என்னைத் தரையில் இறக்கினார். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். கூடாரமே இல்லாமல் உடம்பை மட்டும் மூடுகிற வெள்ளைப் பை ஒன்று இருந்தது, எல்லாவற்றையும்விட லேசு. அதன் படத்தை மனைவிக்கு அனுப்பினேன். பொணத்தக் கட்டுற மாதிரி இருக்கு, கடையை விட்டு வெளிய வாங்க என்று பதில் வந்தது.

ரோஸ் கூடாரத்தை ஃபிட்டர் வீட்டு முற்றத்தில் அடித்துப் பார்த்தோம். லேசான பொருளுக்கு ஒரு குணம் உண்டு, அது நம்மோடு இருக்கவேண்டும் என்று நினைக்காது. முளையை அடிக்க ஃபிட்டர் சுத்தியல் எடுக்கத் திரும்பினார், காற்று வந்தது, கூடாரம் எழுந்து போய் மின்கம்பியில் உட்கார்ந்தது. தெருவே கூடிவிட்டது. நல்லவேளை, மின்சாரம் இல்லாத நேரம். இன்சீனில் அது பெரும்பாலான நேரம். ஃபிட்டர் மூங்கிலால் நிதானமாகத் தட்டி இறக்கினார். இறக்கி முடித்த ஐந்தாவது நிமிடம் வீட்டில் விளக்கு எரிந்தது. அவர் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்தது படுக்கை. காற்று ஊதிப் பெருக்கும் மெத்தைதான் லேசு. ஆனால் முக்கி ஊதக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஸ்பாஞ்சு விரிப்பு ஒன்றை வாங்கி, தோளிலிருந்து இடுப்புவரைக்கும் மட்டும் வெட்டினோம். காலுக்கு மெத்தை எதற்கு என்பது ஃபிட்டரின் கேள்வி. வெட்டின மிச்சத்தில் அவர் வீட்டு நாய் நிம்மதியாகத் தூங்குகிறது.

போர்வை விஷயத்தில்தான் நான் பைத்தியக்காரன் ஆனேன். ஃபிட்டர் ஒரு தூக்கப் பை தருவித்திருந்தார். மைனஸ் பத்து டிகிரிக்கு ஆனது, வாத்து இறகு, ஊதினால் பறக்கும் எடை. எங்கள் மலையில் எவ்வளவு குளிர்ந்தாலும் ஒரு சட்டை கூடப் போட்டால் போதும். ஆனாலும் சோதித்துப் பார்க்கச் சொன்னார். அக்டோபர் மாதம், மத்தியானம் இரண்டு மணி, மின்விசிறி இல்லை, மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். ஐந்தாவது மாடியில், எங்கள் வீட்டுக் கூடத்தில், கழுத்துவரைக்கும் ஜிப் போட்டுப் படுத்தேன். இரண்டாவது நிமிடத்தில் ஓடையாக வியர்த்தது. மூன்றாவது நிமிடத்தில் ஜிப்பை இறக்கினேன். இறங்கவில்லை.

அப்போது பால்கனியில் மணி அடித்தது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் கீழே ஒரு கயிறு தொங்கும். வருகிறவர்கள் அதை இழுத்தால் மேலே மணி அடிக்கும், நாம் சாவியைக் கிளிப்பில் மாட்டிக் கீழே விடவேண்டும். மனைவி திரும்பி வந்துவிட்டாள், சாவியை மறந்து போயிருக்கிறாள். நான் எழுந்து நின்றேன். அது எப்படி முடிந்தது என்று எனக்கு இப்போதும் தெரியாது. இரண்டு காலும் சேர்ந்தபடி, கை உள்ளே இருந்தபடி, நகர்ந்து நகர்ந்து பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். மேலே பார்த்த என் மனைவிக்குத் தெரிந்தது ஒரு தலையும், அதற்குக் கீழே ஒரு நீலப் புழுவும்.

"சாவியப் போடுங்க" என்றாள்.

"கை இல்ல" என்றேன்.

தெருவில் காய்கறி விற்கிறவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கீழ்வீட்டுக்காரர் வாசல் கதவைத் திறந்துவிட்டு, வீட்டுக் கதவின் பூட்டை உடைத்தார். மனைவி கத்தரிக்கோலால் ஜிப்பை வெட்டினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டாமல், உட்கார்ந்து என் சட்டையைத் தூக்கி, தையல் போட்ட இடத்தைப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

ஃபிட்டர் அந்தப் பைக்கு வேறு ஜிப் தைத்துத் தானே வைத்துக்கொண்டார். எனக்கு இரண்டு பழைய லுங்கிகளை ஒன்றாகத் தைத்துப் போர்வையாக்கினார். குளிக்க, உடுக்க, துவட்ட, போர்த்த, தலைக்கு வைக்க, மூட்டை கட்ட என்று எல்லாவற்றுக்கும் ஒரே துணி. இதைவிட லேசான வேட்டைச் சாமானை எந்த வீடியோவிலும் காட்டவில்லை. பனிமலைக்காரர்களுக்கு லுங்கி கிடையாது, பாவம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை மூட்டை கொக்கியில் தொங்கியது. முள் மூன்று வீசையைத் தாண்டி ஒரு கோடு தள்ளி நின்றது. நான் உண்டிவில்லை எடுத்து வெளியே வைத்தேன். முள் மூன்றுக்கு வந்தது. வேட்டைக்கு உண்டிவில் அவசியமில்லை என்று சொன்னேன். மனைவி முள்ளையே ரொம்ப நேரம் பார்த்தாள். அது தப்பாகக் காட்டவேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. தராசு நல்ல தராசு.

காலை ஐந்தரைக்கு வேன் வந்தது. மற்றவர்கள் ஏற்கெனவே ஏறியிருந்தார்கள். நான் மூட்டையைக் கால் அருகே வைத்து உட்கார்ந்தேன். அந்த மூட்டையை எல்லாரும் கையால் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு பெருமையாக இருந்தது. வேன்காரர் சாவியைத் திருகப்போனவர், கண்ணாடியில் பின்னால் பார்த்தார். உதடு அசைந்தது. திரும்பி உட்கார்ந்து மறுபடியும் எண்ணினார். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மயாபூ" என்றார். முடியாது என்று அர்த்தம். "என்னோட சேர்த்து ஒன்பது பேர்."

இந்த ஊரில் ஒன்பது பேராகப் பயணம் கிளம்பமாட்டார்கள். கிளம்பினால் யாருக்காவது ஆகாது. கிளம்பியே ஆகவேண்டும் என்றால், ஒரு கல்லை எடுத்துப் பத்தாவது ஆள் என்று வைத்து, வாப்பா போகலாம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். நான் தமிழன், எனக்கென்ன என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான்கு தலைமுறையாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்த உடம்பு. ஒன்பது என்று அவர் சொன்னதும் நானும் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தேன். நான்கு மாதம் கிராம் கிராமாக எண்ணினோம், தலையை எண்ணவில்லை.

ஃபிட்டர் இறங்கிப் போய் ஒரு பூத்தொட்டியிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கூழாங்கல் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு கிராம் இருக்கும் என்று திருப்தியாகச் சொன்னார். வேன்காரர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது குழந்தை" என்றார். "குழந்தையைக் காட்டுக்குக் கூட்டிப் போறதா? நீங்க எல்லாம் அம்பது தாண்டினவங்க. தோதா ஒரு ஆள் வேணும்."

எல்லாரும் இறங்கித் தேடினோம். ரங்கூன் நடுவில் செங்கல் இருக்கிறது, உடைந்த நடைபாதைப் பலகை இருக்கிறது, டீக்கடைக் குடையை நிறுத்தும் சிமெண்டுக் கட்டி இருக்கிறது, கல் மட்டும் இல்லை. சிமெண்டை வேன்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அது செய்த ஆள், பிறந்த ஆள் இல்லை என்றார். இன்னொரு சிக்கலையும் யாரோ சொன்னார்கள். வேன்காரர் கிராமத்தில் தங்கிவிடுவார், ஆனால் கரீன்காரர் சேர்ந்துகொள்வார். மலை ஏறும்போதும் ஒன்பது பேர். அதனால் கல்லும் மலை ஏறவேண்டும், நான்கு நாளும் எங்களோடு படுக்கவேண்டும்.

கல்லை யார் தூக்குவது என்று பேச்சு வந்தது. எல்லார் முதுகிலும் எட்டு வீசை, ஒன்பது வீசை. எல்லாருடைய பார்வையும் என் மூன்று வீசை மூட்டைக்கு வந்தது. பிறகு என் வயிற்றுக்கு வந்தது. பிறகு வேறு பக்கம் போனது.

மருந்துக்கடைக்காரரின் மச்சினன் புது ஆள், சூதுவாது இல்லாதவன். அவன்தான் சொன்னான்.

"அண்ணன் வரலைன்னா எட்டுதானே?"

கணக்கு சரிதான். ஃபிட்டர் அவனைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் எண்ணிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நான் இல்லாவிட்டால் கல் வேண்டாம், சுமை வேண்டாம், தேட வேண்டாம், இந்நேரம் வண்டி ஊரைத் தாண்டியிருக்கும். அத்தனை கிராமைக் குறைத்த பிறகு, குறைக்க மிச்சம் இருந்த சுமை நான்தான் என்று அப்போது பட்டது. அழுகை வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் தெருவில் நின்று அழக்கூடாது என்பதற்காக வேனுக்குள் குனிந்து என் மூட்டையை எடுத்தேன். எடுப்பதற்கு அவ்வளவு லேசாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க கிளம்புங்க" என்றேன். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

விடிகாலைத் தெருவில் பேசுவது ஐந்தாவது மாடிக்குத் தெளிவாகக் கேட்கும். நிமிர்ந்து பார்த்தேன். பால்கனியில் மனைவி இல்லை. உள்ளே போயிருப்பாள், நான் திரும்பி வருவதற்கு டீ போட என்று நினைத்தேன். அவளுக்கு இதைவிட நல்ல சேதி என்ன இருக்கிறது.

வாசல் கதவு திறந்தது. இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்து ஒரு கருங்கல்லைச் சுமந்துகொண்டு வந்தாள். கடுகுக்கீரை ஊறப்போடும் ஜாடியின் மேல் அழுத்தி வைக்கிற கல். இரண்டு வீசை இருக்கும், அதிலிருந்து புளித்த தண்ணீர் சொட்டி அவள் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. ஐந்து மாடி இறங்கிய மூச்சு வாங்கியது. நேரே வேன்காரரிடம் போய்க் காட்டினாள். அவர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, நல்ல வயசான ஆள் என்று தலையாட்டினார்.

அவள் மச்சினன் பக்கம் திரும்பினாள்.

"எட்டு நல்ல எண்ணுதான் தம்பி. ஆனா இவரு நாலு மாசமா மூட்டைய நிறுத்துக்கிட்டு இருக்காரு."

பிறகு ஃபிட்டரிடம் கல்லை நீட்டினாள். "அண்ணே, இத நீங்க தூக்குங்க. இவரு தொடக் கூடாது."

ஃபிட்டர் தன் மூட்டையைத் தெருவிலேயே பிரித்தார். மைனஸ் பத்து டிகிரிப் பையை உருவி அவள் கையில் கொடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் கல்லை வைத்து இறுக்கிக் கட்டினார். தூக்கும்போது முழங்கால் மடக்கென்றது. நான் என் மூட்டையோடு ஏறி உட்கார்ந்தேன். வேன்காரர் சாவியை எடுத்தார்.

மனைவி ஜன்னல் அருகே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல், ஃபிட்டர் மடியில் இருந்த மூட்டையைப் பார்த்துச் சொன்னாள்.

"பத்துப் பேர் போறீங்க. பத்துப் பேரும் திரும்பி வரணும். அந்தக் கல்லு எனக்கு வேணும்."